கீழே ஓடும் எழுத்து

முகமூடி போட்ட கொலைகாரன் போனை எடுத்து, "அடுத்தது நீதான்" என்றான்.

டிவி திரையின் கீழே எழுத்து ஓடியது. 'டாக்டர்: அடுத்தது நீதான்.'

"போச்சு, டாக்டர்தான் கொலைகாரன்," என்று சோபாவிலிருந்து எழுந்தே விட்டான் கணவன். "படம் ஆரம்பிச்சு அரைமணி நேரம்கூட ஆகல."

அவன் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணி, யாரு பேசறாங்கன்னு பேரு வேற போடணுமா?"

"போட்டாத்தானே யாரு பேசறாங்கன்னு தெரியும்," என்றாள் மருமகள். கொஞ்சமும் அசரவில்லை.

எல்லாம் அந்தப் பெட்டி வந்ததிலிருந்து பிடித்த வினை. அவள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவள். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர், மஞ்சள் பூத்து, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டு, வேறு போர்டு, பெரிய ஹார்ட் டிஸ்க் என்று மாட்டினாள். வீட்டிலிருந்த டிவிடி, பென் டிரைவ், கல்யாண வீடியோ அத்தனையையும் அதற்குள் ஏற்றினாள். இப்போது ஹால் டிவியானாலும் சரி, யார் கைப்பேசியானாலும் சரி, அந்தப் பெட்டியிலிருந்துதான் படம் வரும்.

அதுவரைக்கும் நல்லதுதான். எல்லாப் படத்திலும் வசனத்தை எழுத்தாக ஓட விட்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கம்ப்யூட்டரே கேட்டு எழுதுமாம், இவள் உட்கார்ந்து தப்பைத் திருத்துவாளாம். வேலையற்ற வேலை. ஜோக் சொல்கிறவன் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் அதைப் படித்து முடித்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கே சிரிப்பது?

"ரிமோட்ல அணைக்கற மாதிரியாவது வச்சிருக்கலாம்ல?" என்றான் தம்பி.

"அணைப்பீங்கன்னுதான் வைக்கல. படத்தோட சேர்த்தே பதிச்சுட்டேன்."

கணவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும். எழுத்தை எடு."

"எடுக்க மாட்டேன்."

"எங்களுக்கு வேண்டாம்னா?"

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முறைத்ததும் விழுங்கிக்கொண்டான்.

"அம்மா, நீயாவது சொல்லேன்," என்றான் கணவன்.

டிவிக்குப் பக்கத்து நாற்காலியில் மாமியார். பெட்டி வந்த அன்று 'இந்தக் குப்பையை யாரு உள்ளே விட்டது' என்று குதித்தவர், இப்போது வாயே திறக்கவில்லை. மகன் பக்கமா, மருமகள் பக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை.

"சரி, நானே பார்த்துக்கறேன். நாளைக்குப் பெட்டி பழைய இரும்புக்குப் போகுது."

"போடுங்க. சாயங்காலமே இன்னொண்ணு தூக்கிட்டு வருவேன். எங்க கடைக்குப் பின்னாடி இந்த மாதிரி எவ்வளவோ கிடக்கு."

"அப்படி என்ன பிடிவாதம்? யாருக்காக இந்த எழுத்து? இந்த வீட்டுல யாருக்குக் காது கேக்கல?"

மருமகள் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"காரணம் சொல்லு, விட்டுடறேன். சொல்லலன்னா பெட்டி போகும்."

"சொல்லவும் மாட்டேன், பெட்டியும் போகாது."

அவன் குனிந்து ஒயரைப் பிடித்தான்.

"அதுல கை வைக்காதே."

மாமனார். எது நடந்தாலும் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மனுஷன், எழுந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"எனக்குத்தான்டா. எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு. எழுத்து இருந்தாத்தான் எனக்குப் படம் புரியுது. போதுமா?"

கணவன் ஒயரை விட்டுவிட்டான்.

"அப்படிச் சொல்லுங்க," என்று திரும்பினார் மாமியார். "கூப்பிட்டா திரும்பறதே இல்ல. நான்கூடத் திமிருன்னு நினைச்சேன்."

"சாரிப்பா," என்றான் கணவன், குரலை நன்றாக ஏற்றி. "இனிமே எல்லாரும் உரக்கவே பேசறோம்."

மறுநாள் மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது மாமனார் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பெட்டிக்குள்ள ஃபேன்ல ஏதோ ஒயர் உரசுது போலம்மா. ரொம்ப லேசா ஒரு சத்தம் வருது. பார்த்துடு."

அவள் குனிந்து, பெட்டியோடு காதை ஒட்டி வைத்தாள். அப்புறம்தான் அவளுக்கே கேட்டது.

"மாமா, இது உங்களுக்கு அங்கேயிருந்தே கேட்டுதா?"

அவர் ஹாலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார். "எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது. கேக்காதது உன் மாமியாருக்கு. அது உனக்கும் தெரியும். வெளியில தெரிஞ்சா கூனிக் குறுகிப் போயிடுவா, டிவி முன்னாடிகூட வந்து உட்கார மாட்டா. அதனாலதானே நீ காரணத்தைச் சொல்லாம திட்டு வாங்கினே?"

"நான் பிடிச்ச பிடியை விட்டிருக்க மாட்டேன் மாமா. பெட்டியையும் காப்பாத்தியிருப்பேன். நீங்க எதுக்குச் செவிடுன்னு பேர் வாங்கிக்கணும்?"

"உன் எழுத்து டிவியிலதானேம்மா ஓடும், சாப்பாட்டு மேஜையில ஓடாதே. எனக்குக் கேக்கலன்னு சொன்னாத்தான் எல்லாரும் உரக்கப் பேசுவாங்க, அப்ப அவளுக்கும் கேக்கும்ல."