வாசல் தாண்டாத டூர்

மூன்று வருஷமாக வாசலைத் தாண்டாத ஒரு மோட்டார் பைக், அதே மூன்று வருஷத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். மீட்டரே சொல்கிறதே!

வண்டிக்கு வயசு இருபத்தைந்து. பழசாக வாங்கும்போதே மீட்டரில் எழுபதாயிரம் இருந்தது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. முன்னால் காற்றைத் தடுக்கிற கண்ணாடி, பின்னால் ரெண்டு பக்கமும் பெட்டி, எருமை கனம். வாங்கியவரை மறுநாளே தெருமுனையில் திருப்பும்போது கீழே தள்ளி மேலே படுத்துக்கொண்டது. அன்றைக்குக் கொட்டகைக்குள் தள்ளினவர்தான், அப்புறம் வெளியே எடுக்கவில்லை.

ஆனால் தபால் ஆபீஸ் கவுன்டரில் நாள் முழுக்க முத்திரை குத்துகிறவருக்கும் ஒரு ஆசை இருக்காதா? பழைய பைக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார். வாய் ஓடிய வேகத்தைப் பார்த்து, அங்கே அவருக்குப் 'புயல்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

புயல் எங்கே வீசுகிறது என்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் வந்ததும் முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிளைக் கழற்றுவார். சுவரில் ஓட்டை போடுகிற டிரில் மெஷினில் அதைக் கோத்து, ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவார். மணிக்கு எண்பது கிலோமீட்டர்! முதல் நாள் டிரில்லைத் தலைகீழாகச் சுற்றவிட்டு, மீட்டரில் இருந்ததில் நாற்பது கிலோமீட்டர் குறைந்துபோக, அன்றைக்கு ராத்திரி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா எங்க?" என்பாள் நாலு வயசு மகள்.

"டூர் போயிருக்காருடி. கொட்டகையில. டீ ஆறுதுன்னு போய்ச் சொல்லு."

அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வருவார்.

"இன்னிக்கு மலை ரோடு. முதுகே போச்சு."

"ஸ்டூல்ல தலகாணி போட்டுக்கங்க. வழியில மழை பிடிச்சா சொல்லி அனுப்புங்க, குடை தரேன்."

"உனக்கு எப்பவும் கேலிதான்."

கேலி இருக்கட்டும், மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. சங்கம் பதக்கம் கொடுக்கப் போகிறது. அதற்கு முன்னால் தலைவர் வந்து வண்டியைப் பார்ப்பார். கூடவே, 'ஓட்டியதைக் கண்ணால் கண்டேன்' என்று வீட்டிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும்.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. இல்லேன்னா சங்கத்துல என் மானமே போயிடும்."

"பல்லு தேய்ச்சேன்னு பொய் சொன்னதுக்கு நேத்துதான் பொண்ணை உக்கார வச்சுத் திட்டினேன். இன்னிக்கு நான் பேனா எடுக்கவா? அவ மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

தலைவர் ஒரு பல் டாக்டர். மண்டை பிளக்கிற வெயிலில் தோல் ஜாக்கெட். மார்பு நிறையப் பதக்கம், உச்சியில் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் பதக்கம்.

"என் வண்டி சர்வீஸ்ல இருக்கு, அதான் கார்ல வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலே. கூட வந்த செயலாளர் நோட்டை விரித்தார்.

"புயலோட வீடா இது! அம்மா, நாங்க ஆளைப் பாக்கறதில்ல, நேர்மையைத்தான் பாக்கறோம். பொய்க்காரனுக்கு எங்க சங்கத்துல இடமே கிடையாது. போன வருஷம் ஒருத்தரைத் துரத்தினோம். மீட்டர்ல கை வச்சாரு."

புயலுக்கு வேர்த்துக் கொட்டியது.

தலைவர் கொட்டகைக்குள் வந்து, குனிந்து டயரைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட டயர். புதுசில் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி ஒன்றுகூட உதிரவில்லை.

"அது... நல்ல கம்பெனி டயர் சார்" என்றார் புயல்.

செயலாளர் பேனாவை நீட்டினார். "கண்ணால கண்டதா இங்க ஒரு கையெழுத்தும்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கதவோரத்தில் மகளும் நின்றுகொண்டிருந்தாளே!

"கண்டதுக்குத்தானே கையெழுத்து? நான் கண்டதை நீங்களும் பாத்துடுங்க" என்று மூலையில் கிடந்த சாக்கை உருவினாள். அடியில் டிரில் மெஷின். அதன் வாயில் மீட்டர் கேபிள்.

புயல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்ப்பதற்குள், தலைவர் சடாரென்று குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க போய் கார்ல இருக்கற என் கண்ணாடியை எடுத்துட்டு வாங்க. மெதுவா வாங்க, அவசரமே இல்ல."

செயலாளர் தலை மறைந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தினார். அடி விழப்போகிறது என்று புயல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தலைவர் டிரில்லைக் கையில் எடுத்தார். பொத்தானை அமுக்கினார். மீட்டரில் முள் எண்பதுக்குப் போய் நின்றதை வாயைப் பிளந்து பார்த்தார்.

"டயரை உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சுடுங்க புயல், அதுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க" என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுத் தையல் மெஷின்ல கேபிளைக் கோத்து மிதிச்சு மிதிச்சு எனக்கு முட்டியே தேய்ஞ்சு போச்சும்மா. நீங்க கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி... இதை ஒரு ரெண்டு மாசத்துக்கு இரவல் குடுங்களேன்!"