லயத்துக் கதைக்கு ஒரு நாயகன்

“வந்தவங்க பேரை மொதல்ல எழுதிக்குவோம். நிரஞ்சன், கதை. கிருஷாந்தி, படம். பழனியாண்டி, வெத்தல. ஜெயந்தினி அக்கா, தேத்தண்ணி. பாப்பா, தூக்கம்.”

சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதினான் நிரஞ்சன். சங்கக் கூட்டத்துக்கு எழுதுவதைப் போல மேலே தேதியும் போட்டான்.

“கூட்டமாம் கூட்டம்,” என்றார் அவன் அப்பா பழனியாண்டி. “கதவ ஆன்னு தொறந்து போட்டுட்டு, பகல் பூரா போனுக்கு ரீலோட் போட அலையிறான். இவன் கதை எழுதித்தான் இந்த லயம் திருந்தப்போவுது.”

நிரஞ்சன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிப்பைப் பாதியில் விட்டவன்; கொழும்பில் கிடைத்த இரவுக் காவல் வேலையை மூன்றே மாதத்தில் விட்டவன். விடாமல் வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான்: தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு சித்திரக்கதை, வாரம் ஒரு பக்கமாக இணையத்தில். படம் போட, லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்த கிருஷாந்தியை விட்டால் ஆளில்லை. அவளோ, இன்றைக்குள் முதல் பக்கம் முடிவாகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொழும்புக் கார்மெண்ட்ஸுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். கதையில் வருவது மனிதர்களா, மிருகங்களா என்ற சண்டையிலேயே ஒன்றரை மாதம் ஓடியிருந்தது.

விறகுப் பரணுக்குக் கீழே கட்டிலில் சம்மணம் போட்டு அவன் தொடங்கினான்.

“மனுசன்தான். மிருகமா வரைஞ்சா, மலையில வேலை வாங்குற கண்டாக்கு நரி, அப்பா மாடுன்னு போயிரும். சின்னப்புள்ள வெளாட்டு.”

“யாருடா மாடு?”

“ஒரு பேச்சுக்குப்பா.”

எதிரில் தரையில் உட்கார்ந்திருந்த கிருஷாந்தி சிரித்தாள். மடியில் படம் வரையும் டேப், கையில் அதற்கான பேனா. “மனுசன வரைஞ்சா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுருவாங்கண்ணே. நாளைக்கு அந்தக் கண்டாக்கையா எங்கம்மாவுக்கு வேலை குடுப்பாரா?”

“பயந்தா கதை வருமா? மிருகத்துக்கிட்ட அப்படி என்ன இருக்கு? ஒரு மிருகத்தப் பாத்து ஒனக்கு என்னைக்காச்சும் மூச்சு நின்னிருக்கா?”

பதில் சொல்ல நிமிர்ந்தவள் சொல்லவில்லை. பேனா நின்றது. வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. சரியான இடத்தில் அடித்துவிட்டோம் என்று நினைத்தான் நிரஞ்சன்.

“என்ன, பேச்சக் காணோம்?”

“நீங்க பேசுங்கண்ணே.” அவள் குரல் உள்ளுக்குப் போயிருந்தது. “இதே சத்தத்துல பேசுங்க. நிறுத்தாதீங்க.”

பேசினான். அட்டை கடித்த காலோடு கொழுந்து எடுப்பவளின் முகத்தில் இருப்பது எந்த மிருகத்தின் முகத்தில் இருக்கிறது என்று கேட்டான். அவள் பேனா இதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது. கண் மேலே போனது, திரைக்கு இறங்கியது, மறுபடி மேலே போனது. கோயிலில் திரை விலகி தீபம் காட்டும்போது பெண்கள் பார்க்கும் பார்வை அது. தன் கதையை யாரும் அப்படிக் கேட்டு அவன் பார்த்ததில்லை.

அவள் டேப்பை நிரஞ்சனின் அக்கா ஜெயந்தினி பக்கம் திருப்பினாள். ஒரு பக்கம் சேர்ந்தாற்போல எதையும் வாசித்தறியாத அக்கா, அந்தப் படத்தைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தூங்கும் பிள்ளையைத் துணியோடு அள்ளி, சத்தமே இல்லாமல் வெளியே போனாள்.

“அக்காவுக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே. பாப்பா முழிச்சுக்கும். நீங்க சொல்லுங்க.”

அடுத்து படம் பழனியாண்டியிடம் போனது. வெற்றிலை மெல்லும் வாய் நின்றது. படத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். இருபத்து நாலு வருடத்தில் அவர் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

“தம்பி,” என்றார். ‘டேய்’ என்பதைத் தவிர வேறு பெயரில் அவனை அவர் கூப்பிட்டதுமில்லை. “நல்லா பேசுறய்யா. பேசு. எந்திரிக்காம பேசு.”

கண் கலங்கியிருந்தது. முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து வெளியே போனார்.

நிரஞ்சன் டேப்புக்குக் கை நீட்டினான். படமே இவ்வளவு செய்யும் என்றால் கதை என்ன செய்யாது!

“எனக்குக் காட்டு.”

“ஒங்களுக்குக் கடைசியா. வெளிய வெளிச்சத்துல காட்டுறேன்.” அவள் கையைச் சுவரில் ஊன்றி எழுந்தாள். “மெதுவா எந்திரிங்க. தலைய நிமித்தாதீங்க, பரண் இடிக்கும். பேச்ச விட்றாதீங்க.”

“அப்ப மனுசன்தான்னு முடிவு?”

“இல்லண்ணே. மிருகம்.”

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தபின், இத்தனை நேரமும் தான் சொன்னது தப்போ என்று முதன்முறையாகத் தோன்றியது. குனிந்தபடியே அவளோடு நடந்தான்.

“எந்த மிருகம்னாச்சும் சொல்லு. நாளைக்கே மாத்துவ. ஞாயித்துக்கிழம பஸ் ஏறிருவ.”

“ஏறமாட்டேன். மொதப் பக்கம் முடிஞ்சிருச்சு.”

வாசலைத் தாண்டியதும், பனிமூட்டத்து வெளிச்சத்தில் டேப்பை அவன் கையில் வைத்தாள்.

படத்தில், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கும் நிரஞ்சனின் தலைக்கு ஒரு முழம் மேலே, விறகுக் கட்டைகளுக்கு நடுவில், முன்கால்களில் தாடையை வைத்து அவனையே பார்த்தபடி படுத்திருந்தது ஒரு சிறுத்தை. அவன் திரும்புவதற்குள், பழனியாண்டி அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.