கடைசி சைக்கிள்

"என்ன மாப்ளே, சைக்கிள்ல கோளாறா?"

ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டான் சுருளி.

"அதெல்லாம் இல்ல மாமா. கொய்யாப்பழம் நல்லாருக்கு. ஒண்ணு திங்கிறீங்களா?"

கொண்டை ஊசி வளைவின் தடுப்புச் சுவரில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அழகுராஜா. சுருளியின் அக்கா மகன்.

சுருளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காயம்பட்ட ராணுவ வீரர்களுக்கு நிதி திரட்ட, ராமேஸ்வரத்தில் கிளம்பி மூணாறு வரை போகிற சைக்கிள் பயணம் இது. அதில் போடிக்காரன் என்றால் அழகுராஜா ஒருத்தன்தான். சைக்கிள் போட்டிகளில் பரிசு வாங்கியவன். "போடிமெட்டுக்கு எங்க மாப்ளதான் மொத ஆளா ஏறுவான், வந்து பாருங்க" என்று ஏலக்காய்க் கடை, டீக்கடை, ஜீப் ஸ்டாண்டு எல்லாம் சொல்லி, மலை மேலே வரவேற்புப் பந்தலில் கூட்டம் சேர்த்ததே சுருளிதான். மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் உதவி ஜீப்பை ஓட்டச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கடைசி ஆள் தன் மருமகனாகவே இருப்பான் என்று அவன் கண்டானா?

"கால் வலிக்குதா?"

"இல்லையே."

"பின்ன ஏறு, வெரசா!"

ஏறினான். அடுத்த வளைவிலேயே இறங்கி, ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவினான். அதற்கடுத்த வளைவில் செயினைத் துடைத்தான். செயின் பளபளவென்றுதான் இருந்தது.

மற்றவர்கள் எல்லாம் எப்போதோ மேலே ஏறிவிட்டார்கள். அவனுக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது விஜயபாண்டி ஒருத்தர்தான். சிவகங்கைப் பக்கத்துக்காரர். எல்லையில் கண்ணிவெடியில் இடது காலைப் பறிகொடுத்து, செயற்கைக் காலோடு மிதிக்கிற முன்னாள் ராணுவ வீரர். ஒவ்வொரு மிதிக்கும் அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

போன் அடித்தது. அக்கா சுந்தரம்மாள்.

"ஏன்டா தம்பி, எல்லா சைக்கிளும் வந்துருச்சு. எம் மகனை எங்கடா? எங்கிட்டாச்சும் விழுந்து கிடக்கானா?"

"விழுகல. குரங்கை வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"குரங்கையா? இங்க ஆளாளுக்குக் கேக்குறாகடா. நான் என்னத்தச் சொல்ல?"

சுருளி போனை வைத்துவிட்டு ஹாரனை அழுத்தினான்.

போடிமெட்டு நெருங்க நெருங்க மஞ்சு இறங்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி மூடிவிட்டது. கடைசி வளைவில் ஒரு சைக்கிள் நிழலாட்டமாகத் தெரிந்ததும் மேலே யாரோ விசிலடித்தார்கள். அவ்வளவுதான், மேளம் கிளம்பிவிட்டது. வெடி வேறு.

சுந்தரம்மாள் மாலையோடு ஓடி வந்தாள். பக்கத்தில் வந்த பிறகுதான் அது மகன் இல்லை என்று தெரிந்தது.

ஒரு கணம் நின்றாள். பிறகு, "வாங்கண்ணே!" என்று விஜயபாண்டி கழுத்திலேயே மாலையைப் போட்டுவிட்டாள்.

கூட்டம் கைதட்டியது. நாலு பேர் அவரைச் சைக்கிளோடு தாங்கிப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த மனுசன் கண்ணைத் துடைக்கிறாரா, வேர்வையைத் துடைக்கிறாரா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் வந்து சேர்ந்தான் அழகுராஜா. மேளம் ரெண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது.

"இதுக்குத்தானா காலையிலேர்ந்து நிக்க வச்சே சுருளி? ஒத்தக் கால்காரருக்குப் பின்னாடி வர்றான் உன் மாப்ள!" என்றார் டீக்கடை ஜக்கையன்.

சுருளி மருமகனை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மானத்த வாங்கிட்டியேடா! அவருக்குத் துணைக்கு வந்தியாக்கும்?"

"துணையா? பின்னாடி வந்ததுக்கு என்னா ஏச்சு ஏசுனாரு தெரியுமா? 'எனக்கு என்ன காவலா? முன்னால போடா'ன்னு."

"பின்ன எதுக்குடா இந்தக் கூத்து?"

அழகுராஜா பந்தல் பக்கம் பார்த்தான். விஜயபாண்டி மாலையைக் கழற்றாமல் மேளக்காரரிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழி நெடுக வரவேற்புதான் மாமா. ஆனா அந்தந்த ஊர்ப் பையன் வந்து சேந்ததும் கூட்டம் கலைஞ்சு போகுது. இவரு வர்றப்ப பந்தலப் பிரிச்சுக்கிட்டு இருக்காக. யாருக்காக ஓட்டுறமோ அவருக்கு ஒரு கைதட்டு இல்ல."

"கொஞ்சம் இருங்கய்யான்னு சொல்ல வேண்டியதுதானே? இருக்க மாட்டாகளா?"

"மைக்குலயே சொல்லிப் பாத்தோம்."

சுருளி திரும்பிப் பார்த்தான். அவன் கடை கடையாகப் போய்க் கூட்டி வந்த ஜனம் ஜீப்புகளில் இடம் பிடிக்க முண்டியடித்துக்கொண்டிருந்தது. பந்தலில் பாதி நாற்காலி காலி.

அழகுராஜா மெதுவாகக் கேட்டான்:

"நான் மொத ஆளா ஏறியிருந்தா, அவருக்கு மேளம் கொட்ட இங்க யாரு மாமா இருந்திருப்பா?"