வாழைப்பழ வாசனை

மார்த்தாண்டத்தில் எங்கள் தேனீ வளர்ப்பு வகுப்பு தொடங்குவதே பயத்தில்தான். பதினொரு பேரும் வலைத் தொப்பி போட்டு, கை நீட்டி வரிசையாக நிற்போம், பயிற்சி தருபவர்கள் பெட்டியைத் திறப்பார்கள். நோயை மோப்பம் பிடிக்கப் பழக்கிய தேனீக்கள். யார் கையில் ஒன்று உட்கார்கிறதோ அவரை அன்றே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். போனவர் யாரும் திரும்பியதில்லை.

இன்று ஒன்று என் கணவர் ஞானதாசின் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"சீலி, ஆராவது பாத்தாவளா?" என்றார், உதடு அசையாமல்.

நான் யோசிக்கவே இல்லை. உள்ளங்கையால் அதை அமுக்கி நசுக்கினேன். சாகும்முன் என்னைக் கொட்டிவிட்டது.

அப்புறம்தான் முதல் பாடம் நினைவுக்கு வந்தது. தேனீ கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசனை எழும். அது மற்றத் தேனீக்களைக் கூப்பிடும்.

"பழம் மணக்குதே, ஆரு கொண்டு வந்த..." என்று ஆரம்பித்த புஷ்பலீலா அக்கா பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

பெட்டிக்குள் இரைச்சல் கூடியது. வலைத் தொப்பிகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பின. நீட்டிய கையை ஒருவரும் மடக்கவில்லை. எங்களுக்கு இருபுறமும் நின்றவர்கள் மட்டும் ஓரடி தள்ளிப் போனார்கள்.