பொம்மைப் படம் முடிந்ததும்

“அழக்கூடாது. பொம்மைப் படம்தானே?” என்று குனிந்து சொல்லி, கர்சீப்பை நீட்டினாள் மிருதுளா. பக்கத்து சீட்டில் பாப்கார்ன் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரே தேம்பல். இத்தனைக்கும் படத்தில் இன்னும் பெயர்கூட முழுசாகப் போட்டு முடியவில்லை.

தேம்பிய பிள்ளைக்குப் போன வருஷம்தான் ரயில்வேயில் மாலை போட்டு ரிட்டயர்மென்ட் கொடுத்தார்கள். பெயர் கோதண்டம். மிருதுளாவைப் பெற்ற அப்பா.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. தொண்டையில் சிக்கும் சேதி எதையும் வீட்டில் வைத்துச் சொல்லமாட்டார்கள். குழந்தைகள் படம் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், படம் முடிந்து லைட் போட்டதும் மெல்ல அவிழ்ப்பார்கள். அந்த மாதிரிப் படத்தில் கடைசியில் யாராவது யாரையாவது பிரிந்து போயே தீருவார்கள். தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்தக் கும்பலோடு கும்பலாக நாமும் அழுதுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

அப்பாவுக்கு அரக்கோணம் மாற்றல் ஆனதை அப்படித்தான் சொன்னார்கள். வயிற்றில் இருப்பது சாதாரணக் கட்டி இல்லை என்று அம்மா சொன்னதும் அப்படித்தான்.

அம்மா போனதிலிருந்து சேலையூர் வீட்டில் இரண்டே பேர். ஆபீஸ் விட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், மிருதுளாவின் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிப் படியேறினால், மேம்பாலத்துக் கோடியில் குடையோடு நிற்பார் அப்பா. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. பாசம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அவளுக்கு மூச்சு முட்டியது. இப்படியே இந்தப் பாலத்தில் ஏறி இறங்கியே வயசாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

இப்போது அவள் கம்பெனி ஹைதராபாத்தில் புதுக் கிளை திறக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று மேனேஜர் ஜெபகுமார் மிருதுளாவைத்தான் முதலில் கேட்டார். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். இவள் மாட்டேன் என்றால் அடுத்து ஷர்மிளா, அவள் பெட்டியே கட்டிவிடுவாள். போகவேண்டும் என்று மிருதுளாவுக்கு உயிர் போகிற ஆசை. அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சரி, வீட்டுப் பழக்கப்படி பொம்மைப் படத்துக்கு டிக்கெட் போடுவோம் என்று அவள் போனை எடுப்பதற்குள், அப்பாவே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார். நமக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

திரையில் ஒரு கிழட்டு ஆமை, அநாதையாகக் கிடைத்த வாத்துக்குஞ்சை முதுகில் சுமந்து வளர்த்தது. குஞ்சுக்கு றெக்கை முளைத்ததும் ஆமைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போச்சுடா, கதை எங்கே போகிறது என்று மிருதுளாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் வரிசைக்கு நட்டநடுவில் சீட். இந்தப் பக்கம் கால் நீட்டித் தூங்கும் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் அப்பா.

இன்டர்வெல்லில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அப்பா, ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தாள்.

“படம் முடியட்டும்மா,” என்றார் கோதண்டம் அவசரமாக. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் வாத்து பறந்தேவிட்டது. ஆமை குளத்தங்கரையில் கழுத்தை எட்டின மட்டும் நீட்டி, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கோதண்டம் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பிடி. தோள் குலுங்கக் குலுங்க அழுதார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பிப் பார்த்து, இந்தத் தாத்தாவுக்கு என்ன ஆச்சு என்று தன் அம்மாவை விசாரித்தாள்.

மிருதுளா ஆமையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் நானெல்லாம் என்ன ஜென்மம்? அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. அப்பா மேல், ஆமை மேல், எல்லாரையும்விடத் தன் மேல். அப்பா பிடிக்காத இன்னொரு கையால் போனை எடுத்து, வெளிச்சம் தெரியாமல் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, தன்னால் வர முடியாது, மன்னிக்கவும் என்று மேனேஜருக்கு அனுப்பினாள்.

அவர் போனும் கையுமாக இருந்தார் போல. ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்து விழுந்தது. பரவாயில்லை, ஷர்மிளாவிடம் கேட்டுவிட்டேன், அவள் சரி என்றுவிட்டாள், ஹைதராபாத்துக்கும் சொல்லியாயிற்று.

அவ்வளவுதான். கதவைச் சாத்திச் சாவியைக் கிணற்றில் போட்டாயிற்று. மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“நான் எங்கயும் போகலப்பா. உங்ககூடவேதான் இருப்பேன்.”

ஆறுதல் சொன்னால் அழுகை அடங்கவேண்டும். இந்த மனுஷனுக்கு அது இன்னும் பெரிதாகிவிட்டது.

லைட் போட்டார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஜனம் வாசலைப் பார்க்க நகர்ந்தது. கோதண்டம் முகத்தை அழுத்தித் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். மகளைப் பார்க்காமல், திரையில் ஓடும் பெயர்களைப் பார்த்தபடியே சொன்னார்.

“அப்பா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டு, அவங்க வீட்டோடயே போயிடலாம்னு இருக்கேம்மா.”