தானாய்ப் பிழைத்த மரம்

“தண்ணி திருடுறவ எல்லாம் தண்ணியப் பத்தி நமக்குப் பாடம் நடத்த வந்துட்டா!”

நெவில் எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் வாரண்டூல் ஊர்மன்றத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் கோரலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊரில் மழை பெய்து நாலு வருஷமாகிறது. ஆறு மணலாகி, அணை சேறாகி, கடைசியில் நகராட்சி ஒரு திட்டத்தோடு வந்தது. ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்து மறுபடி குடிநீர்க் குழாயிலேயே விடுவது. அதற்குத்தான் இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம். முடிவை எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதுதான் உலகத்து நகராட்சிகளின் பழக்கம். இங்கே அதிசயமாக, அடுத்த வாரம் வாக்கெடுப்பு என்று சொல்லியிருந்தார்கள்.

வேண்டாம் என்ற கட்சிக்கு நெவில் தலைவர். வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் அவருடைய பக்கத்து வீட்டுக் கோரலி.

“யாரைச் சொல்றே நெவில்?” என்றார் கோரலி.

“உன்னத்தான். தோட்டத்துக்குத் தண்ணி விடக்கூடாதுன்னு உத்தரவு. தினம் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. நான் என்ன செவிடா?”

நகராட்சியிலிருந்து வந்திருந்த ஷோனா நெளிந்தாள். “உண்மையாங்க, கோரலி?”

“ஊத்துறது நெஜம்தான்.”

“எதுக்கு ஊத்துறீங்க?”

“தேவைப்படுற எடத்துக்கு ஊத்துறேன்.”

“பாத்தீங்களா!” நெவில் விடவில்லை. “இவ தோட்டம் வெறும் பொட்டல். அப்ப தண்ணி எங்க போகுது? வீட்டுக்குள்ள நீச்சல் குளம் வெட்டியிருக்காளா?”

சிரிப்பு அடங்குமுன் அவர் மேசைமேல் இருந்த ஜூஸ் ஜாடியைத் தூக்கிக் காட்டினார்.

“எல்லாரும் குடிச்சீங்கல்ல? என் பெண்டாட்டி பெரிலோட மரத்து எலுமிச்சை. அவ போனப்புறம் நான் ஒரு சொட்டுத் தண்ணி விட்டதில்ல. ‘மரத்தப் பத்திக் கவலப்படாதே, அது தானாப் பொழைச்சுக்கும்’னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் போனா. பொழைச்சிருக்கு! வேரு எங்கயோ சுத்தமான ஊத்தத் தொட்டிருக்கு. சாக்கடையக் குடிக்கணும்னு ஒரு மரத்துக்கே தலையெழுத்து இல்ல. நமக்கு மட்டும் எதுக்குய்யா?”

கைதட்டல் பறந்தது. பின்வரிசையிலிருந்து ஸ்டான் குரல் கொடுத்தார்.

“ஏம்ப்பா நெவில், எலுமிச்சை மரத்தடியில ஆம்பளைங்க எதுக்கு ஒதுங்குவோம்னு ஊருக்கே தெரியும். உன் மரம் சுத்திகரிக்காததையே குடிச்சிருக்கும்!”

மன்றமே குலுங்கியது. நெவில் மட்டும் சிரிக்கவில்லை.

“பெரில் மரத்துல அந்த வேலையெல்லாம் கெடையாது.”

அந்த மரத்தடியில்தான் அவருடைய சாயங்காலங்கள் கழிந்தன. ஒரு இலையைக் கசக்கி முகர்வார். பெரிலின் கை அப்படித்தான் மணக்கும். பிறகு அன்றைக்கு யாரை எப்படி மடக்கினார், யார் வாயடைத்துப் போனார்கள் என்று ஒவ்வொன்றாக மரத்திடம் சொல்வார். இலை பச்சையாக இருக்கிறவரைக்கும் பெரில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு எண்ணம். குளித்த தண்ணீரையாவது அதற்கு ஊற்றக்கூடாதா என்று யாரோ கேட்டதற்கு, “என் அழுக்க அவ தலையில கொட்டச் சொல்றியா?” என்று அடிக்கப் போனவர்.

மன்றத்தில் கோரலி எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே யாரோ, “திருடி” என்றார்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு தட்டில் பலகாரம் கொண்டுவர வேண்டும். யாராவது தட்டை மறந்துவிட்டுப் போனால், பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விரோதியின் தட்டானாலும் வழக்கம் வழக்கம்தான். கோரலி விட்டுப்போன தட்டோடு நெவில் அவர் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

இன்றைக்குக் கையும் களவுமாக மாட்டினாள் என்று நெவில் எட்டி நடந்தார்.

கோரலி குளியலறை வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பலகை வேலியோரம் மண்ணிலிருந்து ஒரு பழைய குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சோப்பு நுரையோடு தண்ணீர் அதற்குள் இறங்கியது. குழாய் வேலிக்கு அடியில் புகுந்து மண்ணுக்குள் போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரிலின் எலுமிச்சை மரம் நின்றது.

நெவில் குழாயைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

“எப்பலேருந்து?”

“பெரில் படுக்கையில விழறதுக்கு முன்னாடி, ரெண்டு பேருமாப் பொதைச்சோம். நீ ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தே. ‘அவன்கிட்ட மூச்சு விடாதே, அழுக்குத் தண்ணின்னு நிறுத்திடுவான்’னு பெரில்தான் சொன்னா.”

“அப்ப… அந்த ஜூஸ்?”

“நான் குளிச்ச தண்ணியில காய்ச்சதுதான். ஊரே குடிச்சுது. நீ ரெண்டு கிளாஸ் குடிச்சே.”

நெவிலின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மெல்ல அடங்கியது. கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அத்தனை பேரு முன்னால உன்னத் திருடின்னேன். அங்கேயே இதச் சொல்லியிருக்கலாமே கோரலி. உன் கட்சியும் ஜெயிச்சிருக்கும்.”

“ஜெயிச்சிருக்கும்.” கோரலி வாளியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வடியவிட்டார். “நீ மரத்துக்கிட்டப் பேசுறது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும், நெவில். இதச் சொல்லி, ஊரே அந்த மரத்தப் பாத்துச் சிரிச்சிருந்தா, நாளைக்குச் சாயங்காலம் நீ யார்கிட்டப் பேசுவே?”