தொடக்க ஆராதனை

“பிள்ளைகளா, பின்வாசல் வழியாப் போங்க. ஓடாதீங்க, நட...”

ஆமோஸ் சார் சொல்லி முடிக்கவில்லை.

இரும்பு மடக்கு நாற்காலி பின்னாலிருந்து அவர் தலையில் இறங்கியது.

அவள் அவருக்கு நேர் எதிரே நின்றாள். முதலாம் ஆண்டு மாணவிகளை ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தவர், அவள் கையைப் பிடித்தபடியே சரிந்தார். ரத்தம் அவள் துப்பட்டாவில் தெறித்தது. சூடாக இருந்தது.

அவர் விழுந்த பிறகுதான் பின்னால் நின்றவர் தெரிந்தார்.

அப்பா.

காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. கையில் நாற்காலி. மூச்சு வாங்கியது.

அப்பாவும் அவளைப் பார்த்தார்.

“நீ ஒண்ணும் பாக்கல” என்றார்.

நாற்காலியைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் மேடைப் பக்கம் ஓடினார்.

அன்று காலை கல்லூரி ஆலயத்தின் மேடையில் இரண்டு பிரின்ஸ்பால்கள் இருந்தார்கள். ஒருவரைப் பிஷப் நியமித்திருந்தார். இன்னொருவர் கோர்ட்டில் உத்தரவு வாங்கி வந்திருந்தார். கல்லூரி திறக்கும் நாளில் முதல் ஜெபத்தை யார் செய்கிறாரோ அவர்தான் பிரின்ஸ்பால் என்று இரு தரப்பும் நினைத்தது. மைக் ஒன்றுதான் இருந்தது.

ஆராதனையின் முதல் பாட்டு முடிவதற்குள் மைக்கை ஒருவர் பிடுங்கினார். அடுத்தவர் அவர் கழுத்தைப் பிடித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்தார்கள்.

அப்பாவும் எழுந்தார்.

மகளைக் கல்லூரியில் விட வந்தவர் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். சேகரத்தில் சபைத் தேர்தல் வந்தால் அடிதடிக்கு அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். விறகு பிளந்து காய்த்த கை. அந்தக் கை ஓங்கும்போது வீட்டில் அம்மா முகத்தை மூடிக்கொள்வாள்.

இந்தச் சார் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அவருக்கு முதுகில் கண் இல்லை.

பலிபீடத்தின் மேல் யாரோ ஒருவனைத் தூக்கிப் போட்டார்கள். பூச்சாடி உடைந்தது. ஒரு ஆசிரியை வாய் விட்டு அழுதாள். போலீஸ் வந்தபோது கோர்ட் உத்தரவுக்காரருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது.

அப்பாவின் பக்கம் ஜெயித்துவிட்டது.

ஜெயித்த பிரின்ஸ்பால் கிழிந்த அங்கியோடு அறையில் உட்கார்ந்து, கல்லூரி வழக்கம்போல் நடக்கும் என்று உத்தரவு போட்டார். இன்ஸ்பெக்டர் எல்லோரிடமும் கேட்டார். யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆமோஸ் சார் நெரிசலில் கால் தடுக்கி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவளிடமும் கேட்டார்கள்.

அவள் தலையை ஆட்டினாள். ஆம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா, அவளுக்கே தெரியவில்லை.

குழாயடியில் துப்பட்டாவைக் கசக்கினாள். தண்ணீர் சிவந்தது. கறை போகவில்லை. அவள் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் முதல் வகுப்பு.

ஆமோஸ் சார் வந்தார்.

தலையைச் சுற்றிக் கட்டு. ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்களாம். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேரும் ஊரும் சொல்லுங்க.”

முன் பெஞ்சிலிருந்து தொடங்கியது. பெயர், ஊர். பெயர், ஊர். பக்கத்தில் இருந்தவள் சொல்லி உட்கார்ந்தாள்.

அவள் எழுந்தாள்.

“எப்சிபா. செம்மண்விளை.”

உட்கார வேண்டியதுதான். அவள் உட்காரவில்லை.

“உங்கள அடிச்சது எங்க அப்பா சார். தங்கப்பழம்.”

வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

சார் மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

“தெரியும்மா. விழும்போது உன் மூஞ்சியத்தான் பாத்தேன். அடிச்சது உனக்கு வேண்டியவர்னு அதுலயே தெரிஞ்சுது.”

பிறகு, “அடுத்தவங்க சொல்லுங்க” என்றார்.

சாயங்காலம் அவளுக்கு முன்பே அந்தப் பேச்சு கல்லூரி வாசலுக்குப் போய்விட்டது.

அப்பா பைக்கை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் வந்தாள்.

அறைந்தார்.

காது அடைத்துப்போனது. உதட்டில் உப்புக் கரித்தது. கூட வந்த பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஜெயித்த பக்கத்து ஆட்கள் டீக்கடையிலிருந்து பார்த்தார்கள். ஒருவரும் எழவில்லை.

“பெத்த அப்பன காட்டிக் குடுக்கியோ?”

கை மறுபடியும் ஓங்கியது.

இறங்கவில்லை.

பின்னாலிருந்து ஆமோஸ் சார் அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் பிடியில் பலமே இல்லை. கட்டுத்துணியில் புதிதாகச் சிவப்பு ஊறியிருந்தது.

“இன்னைக்குப் போதும்” என்றார்.

அப்பா உதறினால் அவர் விழுந்துவிடுவார். அது அப்பாவுக்கும் தெரிந்தது.

உதறவில்லை.

சார் தானாகவே கையை விட்டார்.

“ஏறு பிள்ள” என்றார் அப்பா. அவளைப் பார்க்காமல்.

அவள் உதட்டைத் துடைத்தாள். வண்டியில் ஏறவில்லை.

“சார்ட்ட மன்னிப்புக் கேளுங்கப்பா. பெறவு ஏறுதேன்.”

டீக்கடையில் ஒருவன் சிரித்தான்.

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. டீக்கடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கடைசியாக, காலையிலிருந்து முதல் தடவையாக, அந்தக் கட்டுப் போட்ட தலையைப் பார்த்தார்.

சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் நின்றது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு இறங்கினார்.

அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.